அடுப்பு எரிவது இரண்டே நிமிஷம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்துக் காட்டுவேன், அவ்வளவுதான். "நீ ஜப்பான்ல ஒன்றரை வருஷம் இருந்திருக்கே. வெயில் காலத்துல அங்க என்ன சாப்பிடுவாங்கன்னு சொல்லேன், மலர்லயும் போடலாம்"னு தலைவி அக்கா கேட்டாங்க. அதனால்தான் வந்து நிற்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கிற கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியது. நானும் பொண்ணும் கூடப் போனோம். ஊர் பேர் ஹமாமட்சு. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் கடலோரமாக இருக்கிற ஊர். ஜப்பான் என்றாலே பனியும் குளிரும்தான் என்று நினைத்து, பெட்டி நிறைய ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஊரில் 2020 ஆகஸ்ட் 17-ஆம் தேதி 41.1 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. அதுவரைக்கும் அந்த நாட்டிலேயே பதிவான அதிக வெயிலுக்கு அது சமம். எனக்கு இதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரியும்.

ஜூன் மாசம் மழை பிடிக்கும். ஜூலை நடுவில் அது விட்டதும் வெயில் வரும். நம்ம ஊர் உள்பக்கத்து வெயில் மாதிரி காய்ந்த வெயில் இல்லை, சென்னையில் அடிக்கிற மாதிரி புழுங்கித் தள்ளும். துணி காயாது, வேர்வையும் காயாது. ரொம்ப வெயிலான நாளில் தெருவில் இருக்கிற ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பு சொல்வாங்க. எனக்குப் பாஷை தெரியாததால் அது எதுக்கு என்றே புரியவில்லை.

நாங்க இருந்தது இரண்டு மாடிக் கட்டடத்தில் மேல் வீடு. ஏசி ஒரு அறையில் மட்டும். சமையல்கட்டு தனி, சின்ன ஜன்னல் ஒன்று. அவர் வேலைக்கும் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கும் போனதும், கரண்ட் பில்லை நினைத்து ஏசியை நிறுத்திவிடுவேன். மத்தியானம் ஊரில் சமைக்கிற மாதிரியே சோறு, குழம்பு, பொரியல் என்று அடுப்பு இரண்டு மணி நேரம் எரியும்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் குழம்பு கொதிக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாத்திரத்தைத் தள்ளிவிட்டு விழுந்துவிட்டேன். பொண்ணுக்கு அது லீவு காலம், வீட்டில்தான் இருந்தாள். அழுதுகொண்டே போய்ப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவங்களுக்கு எழுபது வயசுக்கு மேலே. முதலில் அடுப்பை அணைத்தாங்க. என்னை ஏசி அறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, ஐஸைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தாங்க. நான் நல்லா முழித்துப் பேசின பிறகுதான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி கொடுத்தாங்க. இதை நீங்களும் மனசில் வைச்சுக்கோங்க. வெயிலில் மயங்கி நினைவில்லாமல் கிடக்கிறவங்க வாயில் தண்ணி ஊற்றக் கூடாது. உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-க்குப் போன் பண்ணணும்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் பாட்டி தன் வீட்டிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாங்க. உள்ளே வெள்ளையாக, நேராக, நூல் மாதிரி மெல்லிசாகக் கட்டுக் கட்டாக ஏதோ இருந்தது. நான் சேமியா என்று நினைத்தேன். பாட்டி "சோமென்" என்றாங்க.

சோமென் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றும் சேர்த்துச் செய்கிற நூடுல்ஸ். 1.3 மில்லிமீட்டருக்கும் மெல்லிசாக இருக்கும். அதைவிடத் தடிமனாக இருந்தால் வேறு பேர். 1.7-க்கு மேல் போனால் உடோன். பத்து நிமிஷம் கழித்துப் பாட்டி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணியும் ஐஸும் போட்டு, அதில் சோமெனை மிதக்கவிட்டுக் கொண்டு வந்தாங்க. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கருப்பாக ஒரு சாறு. குச்சியால் கொஞ்சம் எடுத்து, சாற்றில் முக்கி, உறிஞ்சிச் சாப்பிடணும். சில்லென்று தொண்டையில் இறங்கியது. ஒரு வாரமாகச் சோற்றைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த என் பொண்ணு ஒரு கிண்ணம் முழுக்க காலி பண்ணினாள். வெயிலில் பசி செத்துப்போய் உடம்பு சோர்வதற்கு அந்த ஊரில் "நட்சுபாதே" என்று ஒரு பேரே இருக்கிறது. அந்த நேரத்துக்கான சாப்பாடு இது.

அடுத்த நாளே பாட்டி வீட்டுக்குப் போய்க் கத்துக்கொண்டேன். போனில் மொழிபெயர்க்கிற வசதி இருந்தது. பாதி பேச்சு அதில், பாதி கையால். அவங்க சொன்ன முறையை அப்படியே சொல்கிறேன்.

முதலில் சாறு. இதை முந்தின நாள் ராத்திரியோ விடியற்காலையோ செய்துவிடணும். கொம்பு என்று ஒரு காய்ந்த கடற்பாசி. நாலு விரல் நீளத் துண்டை அரை லிட்டர் தண்ணியில் ஊறப்போட்டு மெதுவாகச் சூடு பண்ணி, கொதி வருவதற்கு முன்னாடியே பாசியை எடுத்துவிடணும். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் வரும். பிறகு, புகை போட்டுக் காய வைத்த மீனைச் சீவல் மாதிரி சீவினது ஒரு பெரிய கைப்பிடி போட்டு, ஒரு நிமிஷத்தில் அடுப்பை அணைத்து வடிகட்டணும். அந்தச் சாறு நாலு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, மிரின் என்கிற இனிப்புப் பாகு ஒரு பங்கு. ஒரு கொதி விட்டு ஆற வைத்துப் பிரிட்ஜில் வைக்கணும். அவ்வளவுதான்.

மிரின் அரிசியில் செய்வது, அதில் சாராயச் சத்து உண்டு. வேண்டாம் என்கிறவங்க கொஞ்சம் சர்க்கரையும் தண்ணியும் சேர்த்துக்கலாம். நான் செவ்வாய், வெள்ளி மீன் தொடமாட்டேன். அதைச் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டு, "எங்க கோயில் சாமியாருங்களும் மீன் சாப்பிட மாட்டாங்க"ன்னு சொல்லி, கடற்பாசியோடு மூன்று காய்ந்த காளானைத் தண்ணியில் போட்டு ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் ஊற வைக்கச் சொன்னாங்க. அந்தத் தண்ணியே சாறு. மீனே வேண்டாம், மணம் நல்லா இருக்கும்.

அடுத்தது சோமென். ஒரு கட்டு 50 கிராம். பெரியவங்களுக்கு ஆளுக்கு இரண்டு கட்டு. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணியாவது இருக்கணும். தண்ணியில் உப்புப் போடக் கூடாது, நூடுல்ஸிலேயே நிறைய உப்பு இருக்கிறது. தண்ணி தளதளவென்று கொதிக்கும்போது கட்டைப் பிரித்து உதிர்த்துப் போட்டு ஒரு கிளறு கிளறணும். ஒன்றரை நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். நான் முதல் தடவை நம்ம சேமியா நினைப்பில் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டேன். பசை மாதிரி ஆகிவிட்டது, சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

வெந்ததும் சல்லடைப் பாத்திரத்தில் கொட்டி வடித்துவிட்டுக் கழுவணும். இதில்தான் முழு ருசியும் இருக்கிறது. சும்மா மேலே தண்ணி ஊற்றினால் போதாது. முதலில் குழாய்த் தண்ணியில் சூட்டைப் போக்கிவிட்டு, துணி அலசுகிற மாதிரி இரண்டு கையாலும் நல்லாத் தேய்த்து அலசணும். "உடைஞ்சு போகாதா?"ன்னு கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்துத் தேய்க்க வைத்தாங்க. உடையவில்லை. தண்ணி கலங்கி வரும். நூடுல்ஸ் மேலே இருக்கிற மாவுக் கொழகொழப்பும் உப்பும் எண்ணெயும் அதில் போகிறது. தண்ணி தெளிவாக வரும்வரைக்கும் இரண்டு மூன்று தடவை மாற்றணும். கடைசியில் ஐஸ் தண்ணியில் ஒரு முக்கு. சூடு சட்டென்று அடங்கினால்தான் அது மேற்கொண்டு வெந்து குழையாமல், பல்லில் கடித்தால் துள்ளுகிற மாதிரி இருக்கும். ரொம்ப நேரம் தண்ணியில் ஊறப்போட்டால் அந்தத் துள்ளல் போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லணும். அலசின பிறகு இதை நாம மறுபடி கொதிக்க வைக்கிறதில்லை. அப்படியே சாப்பிடுகிறோம். அந்த ஊரில் குழாய்த் தண்ணியை நேராகக் குடிக்கலாம், அதனால் கவலையில்லை. நம்ம ஊரில் யாராவது இந்த மாதிரி குளிர்ந்த பண்டம் செய்தால், கடைசி அலசலுக்கும் ஐஸுக்கும் கொதித்து ஆறின தண்ணியோ நல்ல குடிதண்ணியோதான் எடுக்கணும். கையையும் சோப்புப் போட்டுக் கழுவணும். வெயில் காலத்து வயிற்றுப்போக்கு இப்படித்தான் வரும்.

சாற்றில் போட்டுக்கொள்ள வெங்காயத்தாள் பொடியாக நறுக்கினது, இஞ்சி துருவினது, வறுத்த எள்ளு, காய்ந்த பாசித் தாள் இதெல்லாம் சின்னச் சின்னத் தட்டில் வைப்பாங்க. அவரவர் இஷ்டம். சாறு உப்பாக இருக்கும், அதனால் நுனி மட்டும் முக்கணும். பிரஷர் இருக்கிறவங்க மிச்சச் சாற்றைக் குடிக்கக் கூடாது.

இதைக் கத்துக்கொண்டதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு நிமிஷம் அடுப்பு, வேலை முடிந்தது. இரண்டு வாரம் மத்தியானம் எல்லாம் சோமென்தான். வேறு ஒன்றும் கிடையாது. பொண்ணு சந்தோஷமாகச் சாப்பிட்டாள். ஆனால் சாயங்காலம் ஆனால் கால் வலிக்குது, தலை சுத்துது என்று படுத்துக்கொள்வாள். விளையாடக் கூப்பிட்டாலும் போகமாட்டாள். எனக்கும் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வெயிலால்தான் என்று நினைத்தேன்.

பாட்டி ஒருநாள் கேட்டாங்க, "சோமென்கூட என்ன வைக்கிறே?" நான் பெருமையாக, "ஒண்ணும் இல்லை, சாறும் வெங்காயத்தாளும்தான்"னு சொன்னேன். அவங்க முகம் மாறிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைத் திட்டினாங்க. போனில் வந்த தமிழ் அரைகுறைதான். ஆனால் திட்டு நல்லாவே புரிந்தது. "அது மாவும் தண்ணியும்தான். வயித்தை நிரப்பும், உடம்பைத் தாங்காது. வளர்ற பிள்ளைக்கு இதை மட்டும் கொடுக்கிறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடாத பிள்ளை சாப்பிடுதே என்ற சந்தோஷத்தில், என்ன சாப்பிடுது என்று நான் பார்க்கவேயில்லை.

அன்றைக்கு அவங்க கத்துக்கொடுத்தது இரண்டாவது பாடம். சோமெனுக்கு மேலே என்ன போடணும் என்பது. முட்டையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அடித்து, மெல்லிய தோசையாக வார்த்து, சுருட்டி நூல் நூலாக நறுக்கணும். வெள்ளரிக்காயைக் குச்சி குச்சியாக நறுக்கணும். தக்காளி. கோழி நெஞ்சுக்கறியை வேக வைத்து நாராகக் கிழித்தது, இல்லையென்றால் சோயாவில் செய்கிற தோஃபு. அப்புறம் வெண்டைக்காய்! உப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு நிமிஷம் கொதிதண்ணியில் போட்டு எடுத்து, வட்டமாக நறுக்கினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். நாம வழவழப்புப் போகணும் என்று வதக்கி எடுக்கிறோம். அவங்களுக்கு அந்த வழவழப்புதான் வேணும், வெயில் காலத்துக்கு நல்லது என்பாங்க. பொண்ணு அந்த நட்சத்திரங்களைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்பாள்.

இதே மாதிரி மேலே எல்லாம் அடுக்கி வைக்கிற இன்னொரு பண்டமும் உண்டு. பேரு ஹியாஷி சூகா. அதற்குச் சோமென் இல்லை, ஒரு வகைக் காரத்தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நூடுல்ஸ். சோயா சாஸ் மூன்று கரண்டி, வினிகர் மூன்று, சர்க்கரை இரண்டு, வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் ஒன்று, தண்ணி மூன்று கலந்து மேலே ஊற்றணும். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். சூடான நூடுல்ஸ் விற்கிற கடைகளுக்கு வெயில் காலத்தில் ஆள் வராததால், 1937-இல் செண்டாய் ஊரில் ஒரு கடைக்காரர் இதை ஆரம்பித்தார் என்று சொல்கிறாங்க. இப்போதும் கோடை வந்தால் "ஹியாஷி சூகா ஆரம்பிச்சாச்சு" என்று கடைவாசலில் எழுதி ஒட்டுவாங்க.

மேலே இதெல்லாம் சேர்க்க ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் பொண்ணு பழையபடி ஓட ஆரம்பித்தாள். முட்டை வார்ப்பதும் கறி வேக வைப்பதும் காலையில் ஆறு மணிக்கே முடிந்துவிடும். மத்தியானம் அடுப்பு எரிவது அதே இரண்டு நிமிஷம்தான்.

இப்போது நம்ம கூட்டமைப்புக்காக ஒரு விஷயம். பாட்டியின் பிறந்த ஊர் ஹியோகோ மாகாணத்தில் தட்சுனோ. பக்கத்தில் இபோ என்று ஒரு ஆறு. அந்த ஆற்றங்கரை ஊர்களில் விவசாயக் குடும்பங்கள் குளிர்காலத்தில், வயலில் வேலை இல்லாத நாளில், வீட்டிலேயே சோமென் செய்துகொண்டிருந்தாங்க. மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, முறுக்கி, இரண்டு குச்சியில் எட்டுப் போட்ட மாதிரி சுற்றி, ஊற விட்டு இழுத்து, மறுபடி ஊற விட்டு இழுத்து, கடைசியில் நூலாக்கிக் காய வைப்பாங்க. விடியறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பித்துவிடும். சின்ன வயசில் அம்மாவோடு உட்கார்ந்து குச்சியில் சுற்றினதைப் பாட்டி கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவாங்க. கோடையில் ஊரே சாப்பிடுகிற பண்டம் கடும் குளிரில் கை விறைக்கச் செய்தது.

இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்தவங்க தனித்தனியாக விற்கவில்லை. 1887-லேயே சேர்ந்து ஒரு சங்கம் வைத்தாங்க. இன்றைக்கும் அது கூட்டுறவாக நடக்கிறது. செய்வது பல வீடு, பல சின்னப் பட்டறை. பேர் மட்டும் ஒன்று: "இபோ நோ இதோ". இபோவின் நூல் என்று அர்த்தம். சங்கம் சோதித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும். சாதாரணத் தரத்துக்குக் கட்டில் சிவப்புப் பட்டை. தேர்ந்த கைக்காரங்க டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் செய்கிற உயர்ந்த தரத்துக்குக் கருப்புப் பட்டை. அந்தப் பட்டையைப் பார்த்தே ஜனங்க நம்பி வாங்குறாங்க. நம்ம குழுக்களில் ஊறுகாயும் அப்பளமும் மசாலாப் பொடியும் போடுகிற அக்காமார் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு வீட்டு அப்பளத்தில் உப்புக் கூடினால், கெடுவது எல்லோருடைய பேரும்தான்.

இன்னொன்றும் சொன்னாங்க. நல்ல சோமெனை உடனே விற்காமல் கிடங்கில் ஒரு மழைக்காலம் தாண்டி வைப்பாங்களாம். பழசானால் இன்னும் கெட்டியாக, துள்ளலாக இருக்குமாம். நம்ம பழைய அரிசி மாதிரி. பழசுக்குத்தான் விலை அதிகம்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எல்லோரும் கேட்கிறது, "இங்க செய்யலாமா?" உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஜப்பான் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஆனால் விலை நமக்குக் கட்டாது. நம்ம சேமியாவில் செய்து பார்த்தேன், தேய்த்து அலசினால் உடைந்துபோகிறது, ருசியும் வேறு. அதைச் சோமென் என்று சொல்லமாட்டேன். பண்டிகை மாதிரி வருஷத்துக்கு ஒருநாள் பொண்ணு ஆசைக்காக வாங்குகிறேன். மற்ற நாளில் எங்க வீட்டிலும் கம்பங்கூழும் நீராகாரமும்தான்.

ஆனால் பாட்டியிடம் கத்துக்கொண்டதை விடவில்லை. சித்திரை, வைகாசியில் எங்க வீட்டில் பதினொரு மணிக்கு மேல் பெரிய அடுப்பு எரியாது. வேக வைக்கிறது எல்லாம் காலையிலேயே. கூழ் கொடுத்தாலும் கூட முட்டையோ சுண்டலோ கருவாடோ ஒன்று இருக்கும். முதலில் மாமியார், "மத்தியானம் சுடுசோறு இல்லாம என்ன சாப்பாடு"ன்னு முணுமுணுத்தாங்க. ஜப்பானில் நான் விழுந்த கதையை அவங்ககிட்ட அதுவரைக்கும் சொல்லவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் உன் மாமனாருக்குச் சமைக்கும்போது ரெண்டு தடவை விழுந்திருக்கேன். யாருகிட்டயும் சொன்னதில்லை"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்களே காலையில் எழுந்து காய் நறுக்கிக் கொடுக்கிறாங்க.

இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களிலும் அப்படி விழுந்து, சொல்லாமல் இருக்கிறவங்க இருப்பீங்க. பாட்டி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சமைக்கிறவளும் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்குத்தான் இந்தச் சாப்பாடு." வருகிற கோடையில் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்க அக்கா.